நெஞ்சில் நீர்: ‘மிதமான அளவு’ என்றால் எத்தனை மில்லிலிட்டர்?

திங்கட்கிழமை எடுத்த எக்ஸ்ரே அறிக்கையில் “வலப்பக்கம் மிதமான அளவு நீர்” என்று இருக்கிறது. புதன்கிழமை வார்டுக்கு வந்த மருத்துவர் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு 900 மி.லி. இருக்கும்” என்கிறார். வியாழக்கிழமை வந்த சிடி ஸ்கேன் அறிக்கையோ “சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை” என்கிறது. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கலவரம் தொடங்கியிருக்கும். “ரெண்டே நாள்ல ஒரு லிட்டர் ஏறிருச்சா?” என்று ஈசூனிலிருந்து அத்தை கேட்பார். “இல்லத்தை, இன்னைக்குக் குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்களே” என்று உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் சமாதானம் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே இருந்த நீர் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்திருக்கலாம். மாறியது கருவியும், படம் எடுக்கும்போது நோயாளி நின்றாரா படுத்தாரா என்பதும்தான்.

நீர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நுரையீரலின் மேல் மெல்லிய உறை ஒன்று ஒட்டியிருக்கிறது. விலா எலும்புக் கூட்டின் உட்புறத்தில் இன்னோர் உறை. இரண்டும் உரசாமல் வழுக்க, நடுவில் இயல்பாகவே 10 முதல் 20 மி.லி. நீர் உண்டு. அது சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். சுரப்பது கூடினாலோ வடிவது தடைப்பட்டாலோ அந்த இடுக்கில் நீர் சேர்ந்துவிடும். நுரையீரலுக்கு உள்ளேயே, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்வது வேறு சிக்கல். இந்தக் கட்டுரையில் வரும் எந்த அளவும் அதற்குப் பொருந்தாது.

சிங்கப்பூரில் இப்படி நீர் சேரக் காரணங்கள் பல. மூத்தோரிடம் இதயம் பலவீனமாவது, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உடலில் நீர் தேங்குவது, நிமோனியா, காசநோய், புற்றுநோய். இங்கே ஆண்களின் புற்றுநோய் மரணங்களுக்கு முதல் காரணம் நுரையீரல் புற்றுநோய்தான். அப்புறம் டெங்கி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

சரி, நீரை அளப்பதில் என்ன கஷ்டம்? தண்ணீர்த் தொட்டியில் குச்சியை விட்டு எவ்வளவு நனைந்தது என்று பார்க்கிறோம். தொட்டியின் நீள அகலம் தெரிந்தால்தான் அந்த நனைந்த உயரம் லிட்டராக மாறும். நெஞ்சுக்கூடு நேரான தொட்டி அல்ல. கீழே உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, குவிந்து நிற்கிறது, நடுவில் நுரையீரல் மிதக்கிறது, மூச்சுக்கு மூச்சு எல்லாம் அசைகிறது. போதாக்குறைக்கு ஆள் படுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவும், எழுந்து உட்கார்ந்தால் அடியில் இறங்கும். எந்தப் படமும் நேரடியாக மில்லிலிட்டரைக் காட்டுவதில்லை. ஒரு நிழலையோ நீளத்தையோ பரப்பையோ காட்டுகிறது, மீதியை நாம் கணக்குப் போட்டு வரவழைக்கிறோம்.

பலதுறை மருந்தகத்திலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ முதலில் எடுப்பது எக்ஸ்ரே. நிற்க வைத்து, நெஞ்சைப் பலகையோடு ஒட்டி, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துவார்கள். விலாவும் உதரவிதானமும் சந்திக்கும் மூலை படத்தில் கத்தி முனை போலக் கூர்மையாகத் தெரிய வேண்டும். அது மழுங்கியிருந்தால் நீர் என்று சந்தேகம். ஆனால் அந்த மூலை மழுங்கவே சுமார் 200 மி.லி. சேர வேண்டும். காரணம், நிற்கும்போது நீர் முதலில் இறங்குவது பின்பக்கத்துப் பள்ளத்தில். நேர்ப்படத்தில் அந்தப் பள்ளம் உதரவிதானத்தின் மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் நிற்க வைத்து எடுத்தால் சுமார் 50 மி.லி. இருந்தாலே பிடிபடும். உதரவிதானத்தின் கோடே அழிந்துபோனால் அரை லிட்டர் அளவில் இருக்கும் என்று சொல்லலாம். “மிதமான அளவு” என்பது இத்தகைய அடையாளங்களைப் பார்த்துக் கண்ணால் எடுத்த முடிவு. அதற்கு மேல் துல்லியத்தை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படுக்கையிலேயே எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த அடையாளங்கள்கூடக் கிடையாது. நீர் முதுகுப் பக்கம் மெல்லிய விரிப்பாகப் பரவிவிடுவதால் அந்தப் பக்கம் முழுவதும் லேசாகப் புகை மூட்டியதுபோல் தெரியும், அவ்வளவுதான். நின்ற நிலையில் தெளிவாகத் தெரிந்த நீர், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன பிறகு “காணாமல் போவது” இதனால்தான். நேர்மாறாக, நீரே இல்லாதபோது நீர் இருப்பதுபோல் தோன்றுவதும் நடக்கும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காவிட்டால் உதரவிதானம் மேலே நின்று, நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கிப்போய் நீர் மாதிரியே காட்டும். இங்குள்ள எக்ஸ்ரே அறைகளில் இது சின்ன விஷயமில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் விழிக்கிற தமிழ்த் தாத்தா, “தாரிக் நஃபாஸ், தாஹான்” என்று மலாயில் சொன்னதும் சட்டென்று மூச்சை இழுத்துப் பிடிப்பார். கூடப் போகும் பிள்ளைகள் அறைக்கு வெளியே வைத்தே ஒருமுறை தமிழில் சொல்லிக் கொடுத்துவிட்டால் படமும் தெளிவாக வரும், தேவையில்லாத பீதியும் குறையும்.

அல்ட்ராசவுண்ட் பரவலாவதற்கு முன், நோயாளியை நீர் இருக்கும் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒரு படம் எடுப்பார்கள். நீர் விலாவை ஒட்டி ஒரு பட்டையாக ஓடும். அந்தப் பட்டையின் தடிமன் 10 மி.மீ.-க்கு மேல் இருந்தால் ஊசி போட்டு எடுக்கலாம் என்பது வழக்கம். எளிய முறை, நல்ல முறையும்கூட. மூச்சுத்திணறும் ஆளை நோகிற பக்கமே படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் அதன் கொடுமை.

நெஞ்சு நீரை ஒலி அலையால் கண்டுபிடிக்கலாம் என்று 1967இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. கையடக்கமான கருவிகள் படுக்கையோரத்துக்கு வந்த பிறகுதான் அது அன்றாட வழக்கமாயிற்று. கருவி செய்வது இதுதான்: ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது, உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு அதைத் தூரமாக மாற்றுகிறது. நீர் ஒலியைத் தடுக்காததால் திரையில் கறுப்பாகத் தெரியும். காற்று நிறைந்த நுரையீரல் ஒலியைத் திருப்பி அடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதில் பெரிய பிழை வராது. எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாத 20 மி.லி. போன்ற சிறு நீரையும் அது காட்டிவிடும். பிழை நுழைவது மில்லிமீட்டரை மில்லிலிட்டராக்கும் இடத்தில்.

அதிகம் பயன்படும் வாய்ப்பாடு செக் நாட்டு மருத்துவர் மிஹல் பாலிக்கும் சக மருத்துவர்களும் 2006இல் வெளியிட்டது. மல்லாந்து படுத்து, தலைப்பக்கம் 15 பாகை உயர்த்திய நிலையில், நுரையீரலின் அடியில் இரண்டு உறைகளுக்கும் இடையே உள்ள அதிகபட்சத் தூரத்தை மி.மீ.-இல் எடுத்து 20ஆல் பெருக்க வேண்டும். 35 மி.மீ. என்றால் 700 மி.லி. இவ்வளவுதான் கணக்கு, வார்டில் நின்றபடியே மனத்தில் போட்டுவிடலாம். “ஒரு 900 மி.லி. இருக்கும்” என்று மருத்துவர் சொன்னது பெரும்பாலும் இப்படி வந்த எண்தான். திரையில் அவர் பார்த்தது 45 மி.மீ.

இந்த வாய்ப்பாடு யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 81 நோயாளிகளிடம் நீரை எடுத்து, எடுத்த அளவோடு ஒப்பிட்டு உருவாக்கினார்கள். அங்கேயே சராசரிப் பிழை சுமார் 158 மி.லி. அதாவது 700 என்று கணக்கு சொன்னால் உள்ளே 550 இருக்கலாம், 850 இருக்கலாம். சிலருக்கு இன்னும் விலகும். தானாக மூச்சு விட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அதே வாய்ப்பாட்டைப் போடுவது சரியல்ல. உட்கார்ந்த நிலைக்கு வேறொரு பழைய கணக்கு உண்டு. நீர் விலாவோரம் எத்தனை செ.மீ. உயரம் நிற்கிறதோ அதை 90ஆல் பெருக்க வேண்டும். 9 செ.மீ. என்றால் 810 மி.லி. இரண்டு வாய்ப்பாடும் ஒரே ஆளிடம் ஒரே விடையைத் தருமா என்றால், தராது. குட்டையான பாட்டிக்கும் ஆறடிப் பேரனுக்கும் நெஞ்சின் அகலம் வேறு, ஆனால் வாய்ப்பாட்டில் உயரத்துக்கோ எடைக்கோ இடமே இல்லை. கருவி முனையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே தூரம் கூடித் தெரியும். உள்ளே நீர் அறை அறையாகப் பிரிந்திருந்தால் பெருக்கல் கணக்கே வீண்.

அறைகளைப் பற்றிச் சொன்னேன். அல்ட்ராசவுண்டின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நிமோனியாவிலும் காசநோயிலும் நீருக்குள் நார்போன்ற இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்துவிடும். சிடி ஸ்கேனைவிட அல்ட்ராசவுண்ட் இந்த இழைகளை நன்றாகக் காட்டும். 400 மி.லி. தெளிந்த நீரும், 400 மி.லி. அறை அறையாகக் கட்டிய சீழும் கணக்கில் ஒன்று. சிகிச்சையில் அவற்றுக்குள் சம்பந்தமே இல்லை. முதலாவது மருந்திலேயே வற்றலாம். இரண்டாவதுக்குக் குழாய் போட வேண்டும், குழாய்வழி மருந்து செலுத்த வேண்டிவரலாம், அறுவை சிகிச்சைவரை போகலாம். அறிக்கையில் மில்லிலிட்டரைத் தேடுகிற கண், இழை பற்றிய வரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

மூன்றிலும் அளவுக்கு நெருக்கமாக வருவது சிடி. நெஞ்சை மெல்லிய சீவல்களாகப் படம் எடுத்து, ஒவ்வொரு சீவலிலும் நீரின் பரப்பைக் கோடிட்டு, தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கன அளவு கிடைத்துவிடும். இங்கே வடிவத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வோர் அறிக்கைக்கும் யாரும் இதைச் செய்வதில்லை. நேரம் பிடிக்கும் வேலை. குறுக்குவழி ஒன்று உண்டு: அதிகபட்ச ஆழத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. 5 செ.மீ. ஆழம், 16 செ.மீ. நீளம் என்றால் 400 மி.லி. அதையும் விட்டுவிட்டுப் பலர் சிறியது, மிதமானது, பெரியது என்றே எழுதுகிறார்கள். படுத்த நிலையில் நீர் நெஞ்சின் முன்பின் ஆழத்தில் கால்பங்குக்குள் நின்றால் சிறியது, அரைப்பங்குவரை மிதமானது, அதற்கு மேல் பெரியது என்று வகைப்படுத்தும் முறை ஒன்று 2013இல் வெளியானது. எல்லையோரத்தில் குழப்பம் வந்தால் 3 செ.மீ.-க்குக் கீழ் சிறியது, 10 செ.மீ.-க்கு மேல் பெரியது. ஆக எக்ஸ்ரே அறிக்கையின் “மிதமான”தும் சிடி அறிக்கையின் “மிதமான”தும் வேறு வேறு அளவுகோலில் பிறந்தவை. வாட்ஸ்அப் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது.

சிடிக்கும் குறை உண்டு. நீர் அழுத்திச் சுருங்கிப்போன நுரையீரல், நரம்பில் சாய மருந்து செலுத்தாமல் எடுத்த படத்தில் நீரோடு கலந்து தெரியும். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு. எனவே நீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் யாரையும் சிடிக்கு அனுப்புவதில்லை. கட்டி இருக்கிறதா, உறை தடித்திருக்கிறதா, நீருக்குக் காரணம் என்ன என்று தேடத்தான் அனுப்புகிறார்கள். அடர்த்தியை வைத்து நீரின் வகையைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிடியில் தண்ணீரின் அடர்த்தி எண் 0. புது ரத்தம் கலந்திருந்தால் எண் நன்றாக உயரும், அது உதவும். மற்றபடி இதயக் கோளாறால் வந்த நீரையும் தொற்றால் வந்த நீரையும் அந்த எண்ணால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. அதற்கு ஊசியில் கொஞ்சம் எடுத்துப் புரதத்தையும் எல்டிஹெச் என்ற நொதியையும் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த அந்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது டெங்கி. சிங்கப்பூரில் 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு, காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும், நெஞ்சில் பெரும்பாலும் வலப்பக்கம், சேரும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் நிம்மதி அடைகிற நேரம் அது. அந்தத் தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே சும்மா இருக்கும், ஏனென்றால் 200 மி.லி. இன்னும் சேர்ந்திருக்காது. அல்ட்ராசவுண்டில் சில மில்லிமீட்டர் கறுப்புப் பட்டையும் பித்தப்பைச் சுவர் தடித்திருப்பதும் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இங்கே அளவை வைத்துக்கொண்டு யாரும் நீரை எடுக்கப்போவதில்லை. ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும்போது நெஞ்சில் ஊசி போடுவது ஆபத்து. கசிவு நின்றதும் நீர் தானாகவே ரத்தக் குழாய்க்குத் திரும்பிவிடும். அந்தத் திரும்பும் கட்டத்தில் நரம்புவழி திரவத்தைத் தாராளமாக ஏற்றிக்கொண்டே இருந்தால் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். ஆக டெங்கியில் படம் காட்டும் நீர் என்பது கசிவு நடக்கிறதா நின்றுவிட்டதா என்பதற்கான தடயம். 100 மி.லி.-யா 150 மி.லி.-யா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. “நீர் இருக்குன்னா ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?” என்று கோபப்படும் உறவினர்களுக்கு இதைச் சொன்னாலே பாதிக் கோபம் அடங்கும்.

எடுத்தே ஆக வேண்டிய நீர் என்றால் படத்தின் பங்கு மாறுகிறது. எவ்வளவு என்பதைவிட எங்கே குத்துவது என்பது முக்கியம். விலா எலும்பின் கீழ்விளிம்போடு ரத்தக் குழாய் ஓடுவதால் ஊசி அடுத்த விலாவின் மேல்விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். உதரவிதானத்துக்குக் கீழே வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் காத்திருக்கின்றன. அல்ட்ராசவுண்ட் பார்த்தே இதைச் செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2010இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஸ்கேன் அறையில் பேனாவால் குறி போட்டு, நோயாளியை வார்டுக்குத் திருப்பி அனுப்பி, பிறகு அந்தக் குறியில் குத்துவது நல்ல வழக்கமல்ல. நடுவில் ஆள் அசைந்திருப்பார், நீரும் நகர்ந்திருக்கும். படம் பார்த்த இடத்தில், பார்த்த நிலையில், அப்போதே செய்வதுதான் சரி.

ஒரே மூச்சில் 1.5 லிட்டருக்கு மேல் பொதுவாக எடுப்பதில்லை. நெடுநாள் அழுந்திக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும் அபாயம் உண்டு. ஆகவே “ரெண்டு லிட்டர் இருக்குன்னாங்க, ஒன்றரைதான் எடுத்தாங்க” என்பது அரைகுறை வேலை அல்ல. அதேபோல் எடுத்த அளவுக்கும் மூச்சு எளிதாவதற்கும் நேர்க்கணக்கு கிடையாது. நீர் நுரையீரலை நசுக்குவதைவிட உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்குவதுதான் திணறலுக்குப் பெரிய காரணம் என்று மருத்துவர்கள் இப்போது கருதுகிறார்கள். 600 மி.லி.-யிலேயே தவிப்பவர் உண்டு. ஒன்றரை லிட்டரோடு கோப்பிக் கடைக்கு நடந்து போய் வருபவரும் உண்டு. உதரவிதானம் கீழ்நோக்கிக் குழிந்துவிட்டதா, அசைகிறதா என்பதையும் அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். யாருக்கு நீரை எடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று ஊகிக்க, மில்லிலிட்டரைவிட அது உதவும்.

கணினி இந்தக் கணக்கையெல்லாம் தானே போட்டுவிடாதா? சிடி சீவல்களில் நீரைத் தானாகக் கோடிட்டுக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. எக்ஸ்ரேயில் நீர் இருக்கலாம் என்று கொடி காட்டும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் படத்திலேயே இல்லாததை அவற்றால் கொண்டுவர முடியாது. படுத்தெடுத்த எக்ஸ்ரேயின் புகைமூட்டம் கணினிக்கும் புகைமூட்டம்தான்.

ஆக, வீட்டில் ஒருவருக்கு நீர் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே கருவி, ஒரே நிலை, முடிந்தால் ஒரே இடத்து அளவு. எக்ஸ்ரேயை எக்ஸ்ரேயோடும், உட்கார்ந்த ஸ்கேனை உட்கார்ந்த ஸ்கேனோடும் ஒப்பிட வேண்டும். “போன தடவை எத்தனை மில்லிமீட்டர், இந்தத் தடவை எத்தனை?” என்று மருத்துவரிடம் கேட்கலாம். அது அவர் உண்மையில் அளந்த எண்.

கடைசியாக ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்களுக்கு. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் காசநோய்க்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் காசநோயால் நெஞ்சில் நீர் சேர்ந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களுக்கு அந்த மூலை கூர்மைக்குத் திரும்பாமல் மழுங்கியே நின்றுவிடுவது உண்டு. அது நீர் அல்ல, உறையில் விழுந்த தழும்பு. ஒரே ஒரு நேர்ப்படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். அல்ட்ராசவுண்டில் நீர் கறுப்பாக, மூச்சுக்கேற்ப வடிவம் மாறித் தெரியும். தழும்பு அப்படி மாறாது. இன்னும் சுலபமானது பழைய எக்ஸ்ரே. மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே மூலை அதே மாதிரி மழுங்கியிருந்தால் மருத்துவருக்கு அது பெரிய சான்று. அந்தப் படத்தையும் சிகிச்சை முடிந்ததற்கான தாளையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே வந்தபிறகு அவற்றைத் தருவிப்பது பெரும்பாடு.